கேட்போர் உள்ள எழுத்து: ஆங்கிலம் கற்பித்தலில் வகுப்பிதழின் இடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

தமிழிலக்கியம் பேசும் மேடையில் ஆங்கிலம் கற்பித்தலுக்கு என்ன வேலை என்று சிலர் கருதக்கூடும். பிள்ளைகளின் எழுத்தாற்றல் பற்றிய கவலை எந்த ஒரு பாடத்துக்கும் மட்டும் உரியதன்று. தமிழில் தன் கருத்தை எழுதத் தயங்கும் மாணவியே ஆங்கிலத்திலும் தயங்குகிறாள். இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்த வேரைத் தேடுவதும், அதற்குரிய எளிய மருந்தொன்றை அவைமுன் வைப்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு கடிதமும்

இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளது. மேல்நிலைக் கல்வியை முடிக்கும் பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகள் அம்மொழியோடு பழகியிருக்கிறது. ஆயினும் வங்கிக் கணக்கில் நேர்ந்த பிழையைச் சுட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னால் பலர்க்குக் கை ஓடுவதில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர்.

இராசபாளையத்தின் நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் உழைக்கும் குடும்பங்களிலிருந்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பெண்மக்கள் மிகப் பலர். அவர்களுக்கு ஆங்கிலம் அழகுக்கு அணியும் அணிகலனன்று. வேலைக்கு விண்ணப்பிக்கவும், மேற்படிப்புக்குரிய உதவித்தொகையைக் கேட்கவும், வெளிமாநில நிறுவனம் அனுப்பிய மடலுக்கு மறுமொழி எழுதவும் அது தேவைப்படுகிறது. எழுதத் தெரியாதபோது இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது. தன் வாழ்வு பற்றிய செய்தியைப் பிறர் எழுதித் தர, தான் கையொப்பம் மட்டும் இடும் நிலை கற்றவர்க்கு உரிய நிலையாகுமா? இவ்வினாவே இங்குப் பொருட்படுத்தத் தக்கது.

எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஆங்கிலக் கடிதம் ஒன்று உண்டு. அதுதான் விடுப்பு விண்ணப்பம். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் அவ்வாசகம் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் மனப்பாடமாக ஒலிக்கிறது. அக்காள் திருமணத்துக்குச் செல்லும் பிள்ளையும் காய்ச்சல் என்றே எழுதுகிறது. காரணம், காய்ச்சலுக்குத்தான் ஆங்கிலம் மனப்பாடமாகியிருக்கிறது, திருமணத்துக்கு ஆகவில்லை. உண்மையைச் சொல்ல மொழி இல்லாமையால் பொய்யைச் சொல்லும் நிலை இது. நகைப்புக்கு இடமாகத் தோன்றினும் சிந்திக்குமிடத்து வருத்தம் தருவதாகும்.

கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் எட்டாம் இயலாகிய செய்யுளியலில் செய்யுளுக்கு உரிய 34 உறுப்புகளை வகுத்துரைக்கிறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என ஒலிவடிவம் சார்ந்தவற்றைச் சொன்ன அவர், கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் உறுப்புகளாகவே எண்ணினார். சொல்வது யார், கேட்பது யார், எவ்விடத்து, எப்பொழுது, என்ன பயன் கருதி என்பன செய்யுளுக்குப் புறம்பான செய்திகள் ஆகா. உடம்புக்குக் கையும் காலும் போலச் செய்யுளுக்கு அவை உறுப்புகள் என்பது அவர் கொள்கை. தலைவி தோழிக்கு உரைப்பதும், தோழி தலைவனுக்கு உரைப்பதும் ஒரே செய்தியாயினும் சொல் மாறும், தொனி மாறும். கேட்போர் மாறினால் மொழியே மாறிவிடுகிறது.

இவ்வுண்மைக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களிலும் விளி நிறைந்திருக்கிறது. உறங்கும் தோழியர், வாயில் காப்போன், நப்பின்னை, கண்ணன் என ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய முறையில் விளித்தே பாட்டு நகர்கிறது. நாச்சியார் திருமொழியில் குயிலும் முகிலும்கூடக் கேட்போர் ஆகின்றன. எதிரே ஒருவரை நிறுத்தாமல் ஆண்டாள் பாடியது அரிது எனலாம்.

இனித் தேர்வு விடைத்தாளை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘உன் ஊரைப் பற்றி எழுதுக’ என்று வினா வருகிறது. மாணவி எழுதுகிறாள். படிப்பவர் அவ்வூரை அறியும் ஆவலால் படிப்பதில்லை. எழுவாயும் பயனிலையும் இசைந்தனவா, எழுத்துப்பிழை எத்தனை என்று அளந்து மதிப்பெண் இடுவதற்கே படிக்கிறார். அவருக்கு அச்செய்தி தேவையில்லை என்பதை மாணவியும் நன்கு அறிவாள். ஆகவே உரைநூலில் அச்சிடப்பட்ட ஏதோ ஓர் ஊரைத் தன் ஊராக எழுதிவிட்டு எழுந்து வருகிறாள். பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ள திருவில்லிபுத்தூர் மாணவியும் இராசபாளைய மாணவியும் ஒரே ஊரைத் தத்தம் ஊராக எழுதும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது. இங்குக் குறைவது இலக்கணப் பயிற்சி மட்டுமன்று. கேட்போர் என்னும் உறுப்பே இல்லை. உறுப்புக் குறைந்த எழுத்து உயிர்ப்போடு இயங்குமாறு எங்ஙனம்?

அயல்மொழியும் பன்மொழிச் சூழலும்

மொழி கற்பித்தல் வல்லுநர் இரண்டாம் மொழி, அயல்மொழி என ஒரு வேறுபாடு காட்டுவர். வகுப்பறைக்கு வெளியிலும் புழங்கும் மொழியை இரண்டாம் மொழி என்பர். வகுப்பறையோடு நின்றுவிடும் மொழியை அயல்மொழி என்பர். அரசு ஏடுகளில் ஆங்கிலம் எவ்விடம் பெற்றிருப்பினும், மம்சாபுரத்திலோ சேத்தூரிலோ வாழும் ஒரு பிள்ளைக்கு அது அயல்மொழியே. கடைத்தெருவில் ஆங்கிலச் சொற்கள் பல ஒலிக்கின்றன. ஆங்கில வாக்கியம் ஒலிப்பதில்லை.

எனினும் இப்பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. இராசபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு வாயிற்படியில் மாறுவது அங்குள்ள பிள்ளைகளுக்கு இயல்பு. இவ்வூரைச் சார்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா தெலுங்கு, வடமொழி, பிராகிருதம் முதலிய பல மொழிகளில் புலமை பெற்று, அவற்றின் செல்வங்களைத் தமிழுக்குக் கொணர்ந்தார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைக் கிருட்டிணதேவராயர் தெலுங்கில் பாடிய ‘ஆமுக்த மால்யதா’வைத் தமிழாக்கியமைக்காக 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. திருவில்லிபுத்தூரின் கதை தெலுங்குக்குச் சென்று இராசபாளையத்தின் வழியாகத் தமிழுக்கு மீண்டது என்று சொல்வது பொருந்தும். பிறமொழிப் புலமை தாய்மண்ணின் செய்தியைச் சுமந்து செல்லவும் மீட்டு வரவும் பயன்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கற்பித்தல் முறைகள் கடந்து வந்த வழி

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. தொடக்கத்தில் இலக்கண விதியும் மொழிபெயர்ப்பும் கோலோச்சின. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பெரும் அளவில் பயிற்சி தரப்பெற்றது. ஒரே அமைப்பைப் பலகால் சொல்லிப் பழகினால் மொழி படியும் என்பது அதன் அடிப்படை.

அப்பழக்கம் வகுப்பறையைத் தாண்டவில்லை என்பதைக் கண்ட என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு சோதனையை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பெற்ற அது, இலக்கண அமைப்பை முன்னிறுத்தாமல் ஒரு செயலைப் பிள்ளைகள்முன் வைத்தது. தொடர்வண்டிக் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்தில் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பது அத்தகைய செயல்களில் ஒன்று. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழியின் வடிவம் உள்ளே படிகிறது என்பது பிரபுவின் கருத்து. 1987இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் மொழிக்கல்வித் துறையில் எடுத்துப் பேசப்படுகிறது.

பிரபுவின் வகுப்பில் பிள்ளைகளின் விடையைக் கேட்டவர் பெரும்பாலும் ஆசிரியரே. பொருளுக்கு அங்கு இடம் கிடைத்தது. வகுப்பறைக்கு வெளியே வாசகரைத் தேடுவது அத்திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. அதனைச் செய்து காட்டியவர் பிரான்சு நாட்டின் சிற்றூர் ஆசிரியர் ஒருவர்.

வகுப்பறைக்குள் ஓர் அச்சுப்பொறி

செலஸ்தேன் பிரெனே என்பார் 1896இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயமுற்றார். நெடுநேரம் உரத்துப் பேச இயலாத அவர், 1920இல் தென்பிரான்சின் மலையூர் ஒன்றில் ஆசிரியரானார். ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்கும் வழக்கமான முறை அவர் உடலுக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் விட்டார். 1924இல் சிறியதோர் அச்சுப்பொறியை வகுப்புக்குள் கொணர்ந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர்; வகுப்பில் படித்துக் காட்டினர்; எதனை அச்சிடுவது என்று கூடித் தேர்ந்தனர்; கரும்பலகையில் எழுதிச் செப்பம் செய்தனர்; தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர்.

அச்சிட்ட தாள்கள் பிரான்சின் மறுகோடியில் பிரெத்தோன் மொழி வழங்கும் கடற்கரைப் பகுதிப் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையூர்ப் பிள்ளைக்குக் கடலூர்ப் பிள்ளை வாசகனானான். ஊர்வாழ்வு வேறு, வீட்டுமொழி வேறு. பள்ளியில் கற்ற பிரெஞ்சே இருவரையும் இணைத்தது. தம் ஊரில் எல்லார்க்கும் தெரிந்த ஒன்றை அயலூரார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் நேர்ந்தபோது பிள்ளைகளின் எழுத்தில் தெளிவும் ஒழுங்கும் தாமே வந்தன. பின்னர் நாடு கடந்து பரவிய ஆசிரியர் இயக்கம் ஒன்று இதிலிருந்து கிளைத்தது.

தமிழ்நாட்டின் கையெழுத்து இதழ்

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. பள்ளிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஊர்ப் படிப்பகங்களிலும் கையெழுத்து இதழ் நடத்துதல் தமிழ்நாட்டில் நெடுநாள் வழங்கிய வழக்கம். ஒரே ஒரு படி. அழகிய கையெழுத்துடையவர் எழுத, ஓவியம் வல்லவர் வரைய, கைக்குக் கை மாறிப் பலர் படிப்பர். இறுதிப் பக்கங்களில் படித்தவர் தம் கருத்தை எழுதுவர். தமிழ் எழுத்தாளர் பலர் முதன்முதலாகத் தம் பெயரைக் கண்டது இத்தகைய இதழ்களில்தான். தேர்வு நெருக்கடி மிகுந்தபின் இவ்வழக்கம் பல பள்ளிகளில் அருகிவிட்டது. அண்மையில், 2022இல், தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் சிறார் இதழ்களைத் தொடங்கிப் பிள்ளைகளின் படைப்புகளுக்கும் இடம் தந்தமை வரவேற்கத்தக்கது. ஆயினும் மாநிலம் முழுமைக்கும் உரிய இதழில் ஒரு வகுப்பின் அனைவரும் இடம்பெறுதல் இயலாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் தர வல்லது அவ்வகுப்பே நடத்தும் இதழ்தான். அதனையே இங்கு வகுப்பிதழ் என்று குறிக்கிறோம்.

தமிழர்க்குத் தமிழர் ஆங்கிலத்தில் எழுதுவதேன்?

இங்கு ஒரு தடை எழும். எழுதுபவரும் தமிழர், படிப்பவரும் தமிழர். இடையில் ஆங்கிலம் எதற்கு? இராசபாளையத்துப் பிள்ளை திருவில்லிபுத்தூர்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதினால் அது நாடகமாக முடியாதா?

தடை நேரியதே. தமிழ் போதுமான இடத்தில் ஆங்கிலத்தைத் திணித்தால் கேட்போர் என்னும் உறுப்பு மீண்டும் போலியாகிவிடும். ஆகவே தமிழ் அறியாத வாசகரைத் தேட வேண்டும். அவர் எங்கோ கடல்கடந்து இருக்க வேண்டுவதில்லை; மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இருக்கிறார். இராசபாளையத்தில் நின்று மேற்கே நோக்கினால் தெரியும் மலைக்கு மறுபுறம் கேரளம். செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லத்துக்கு 1904இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2018இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் நின்று செல்லும் சென்னை–கொல்லம் விரைவு வண்டி புனலூரைக் கடந்தே கொல்லம் சேர்கிறது. அங்குள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இங்குள்ள பிள்ளைக்கு மலையாள எழுத்துத் தெரியாது. இருவரும் பள்ளியில் ஆங்கிலம் கற்கின்றனர். இருவருக்கும் அது அயல்மொழி. ஒருவர் பிழைக்கு மற்றவர் நகைக்க இடமில்லை. ஆங்கிலம் உண்மையாகவே தேவைப்படும் வாசகர் இவரே.

பேசுவதற்குப் பொதுப்பொருளும் உண்டு. 2021இல் அறிவிக்கப்பெற்ற திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. ஒரே மலை, ஒரே யானைக்கூட்டம், இரு மொழிகள். மழை அங்கு எப்பொழுது வந்தது, இங்கு எப்பொழுது வந்தது என்பதே இரு வகுப்புகளுக்கும் ஓர் ஆண்டு முழுதும் எழுதத்தக்க செய்தியாகும்.

எழுதுவதற்கு உரியவை

நம் ஊரில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அயலூர் வாசகர் முன் வந்து நின்றால் இவ்வினா மறையும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சருக்கரையும் விறகடுப்பில் எவ்வாறு காய்கின்றன, கிளறும் கை எப்பொழுது விரைய வேண்டும், எப்பதத்தில் இறக்க வேண்டும் என்று முறைப்பட எழுதினால், செய்முறை விளக்கத்துக்குரிய ஆங்கில அமைப்புகள் அனைத்தும் அதனுள் வந்துவிடுகின்றன. ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி நாள்தோறும் இலைகளாலும் மாதுளம்பூ முதலியவற்றாலும் புதிதாகப் புனையப்படுவது. அதனை விளக்கச் செயப்பாட்டு வினை வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தைச் சொல்ல இறந்தகாலம் வேண்டும். இராசபாளைய நாயின் தோற்றத்தைச் சொல்லப் பெயரடை வேண்டும். பேண்டேஜ் துணி தறியிலிருந்து மருத்துவமனை சேரும் வரையுள்ள வழியைச் சொல்லத் தொடர்ச்சியைக் காட்டும் இணைப்புச் சொற்கள் வேண்டும். இலக்கணம் இங்குப் பொருளைத் தேடி வருகிறது. தாய் தறியில் செய்யும் வேலை மகளின் ஆங்கிலப் பக்கத்தில் ஏறும்போது, அவ்வுழைப்பு எழுதத்தக்கது என்னும் மதிப்பும் உடன் ஏறுகிறது.

இதழ் நடைபெறும் வகை

வகுப்பிதழுக்குப் பெரும்பொருட்செலவு இல்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைப் பத்துக் குழுக்களாகப் பிரிக்கலாம். மாதந்தோறும் இரு குழுக்கள் இதழின் பொறுப்பை ஏற்றால் ஐந்து மாதங்களில் அனைவரும் ஒருமுறை எழுதிவிடுவர். எட்டுப் பக்கங்கள் போதும். கையால் எழுதி ஒளிப்படி எடுத்தால் ஒருபடி வகுப்பில் கயிற்றில் தொங்கும். ஒருபடி அஞ்சலில் மலைக்கு அப்பால் செல்லும். ஒருபடி ஊர் நூலகத்துக்குச் செல்லும். திருவில்லிபுத்தூரில் 1875இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் இன்றும் ஊரின் பெருமையாக விளங்குகிறது. இராசபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே கொடையாக வழங்கியதால் உருவான காந்தி கலைமன்றம் உள்ளது. பிள்ளைகளின் இதழ் இத்தகைய இடங்களில் மேசைமேல் வைக்கப்பெறுமாயின் ஊராரும் வாசகராவர்.

ஒவ்வொரு கட்டுரையும் மூன்று நிலைகளைக் கடக்க வேண்டும். முதல் நிலையில் பிள்ளை பிழை பற்றிய அச்சமின்றி எழுதும். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச்சொல்லையே எழுதலாம். இரண்டாம் நிலையில் குழுவினர் படித்து, பொருள் பற்றி மட்டும் வினவுவர். ‘தேரை எத்தனை பேர் இழுத்தனர்? நீ எங்கே நின்றாய்?’ என்பன போன்ற வினாக்களுக்கு விடை எழுதும்போதே கட்டுரை வளரும். மூன்றாம் நிலையில்தான் ஆசிரியர் இலக்கணத்தைத் தொடுவார். இதழில் மறுமொழிக்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விடுதல் இன்றியமையாதது. அதனை நிரப்பி அனுப்புவது மறுபள்ளியின் கடமை. மறுமொழி வராத இதழ், பதில் வராத கடிதத்தைப் போல ஆர்வத்தைக் கெடுத்துவிடும்.

பிழை நோக்கும் பார்வை

சிவப்பு மையால் நிறைந்த தாள் ஒரு பிள்ளையை வாய்மூடச் செய்ய வல்லது. அதே சமயம், பிழை எதனையும் திருத்தலாகாது என்பதும் முறையன்று. வாசகர் ஒருவர் உள்ளார் என்றால் அவருக்கு விளங்க வேண்டும் என்னும் கடமையும் உண்டு. ‘நீ தவறினாய்’ என்பதற்கும் ‘புனலூர்ப் பிள்ளைக்கு இது விளங்காது’ என்பதற்கும் பெரிய வேறுபாடு உள்ளது. முன்னது எழுதியவரைக் குறை கூறுகிறது. பின்னது எழுத்தைச் செப்பம் செய்யத் தூண்டுகிறது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளுள் பல அறியாமையால் விளைவன அல்ல. தமிழிலக்கணம் உள்ளிருந்து செயற்படுவதால் விளைவன. ‘வந்தாள்’ என்னும் ஒரு சொல்லில் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயைத் தனிச்சொல்லாகச் சொல்லியாக வேண்டும். ‘அவர் மருத்துவர்’ என்பது வினைமுற்று இன்றியே முழுத்தொடராகிறது. ஆங்கிலத்தில் இணைப்புவினை இன்றித் தொடர் நில்லாது. ‘அப்பா வந்தார்’ என்பதிலுள்ள மதிப்பை ஆங்கில வினை சுமப்பதில்லை; தந்தையை ‘ஹி’ என்று எழுதப் பிள்ளையின் கை கூசுகிறது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ‘வி’ என்னும் ஒன்றாகிவிடுகின்றன. மலைக்கு அப்பாலுள்ளவர்க்கு எழுதும்போது அவரையும் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்று தெளிவுபடுத்த வேறு சொற்களைத் தேட நேர்கிறது. இவற்றை ஒப்பிட்டு விளக்கினால் ஆங்கிலமும் தெளிவுறும். தமிழின் நுட்பமும் பிள்ளைக்குப் புலனாகும். தன்மொழியை வெளியே நின்று பார்க்கும் வாய்ப்பைப் பிறமொழி தருகிறது.

கைப்பேசியின் காலத்தில்

இன்று கைப்பேசியில் தமிழில் சொன்னால் நொடிப்பொழுதில் ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. முழுக் கட்டுரையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் பிள்ளைகளின் கையில் உள்ளது. பின் ஏன் இத்துணை முயற்சி என்று கேட்கலாம். கருவியை வெறுப்பதால் பயனில்லை. சொல்லின் பொருளைப் பார்க்கவும் ஐயம் தீர்க்கவும் அது உதவும். ஆனால் கருவி எழுதிய மடல் தன் கருத்தைத்தான் சொல்கிறதா என்று அறிய அம்மொழி தெரிந்திருக்க வேண்டுமன்றோ? தெரியாதபோது, முன்பு இன்னொருவர் எழுதித் தந்ததில் கையொப்பம் இட்ட அதே நிலைதான் தொடரும். எழுதியவர் மட்டும் மாறியிருப்பார். அன்றியும், தேரோட்டத்தன்று தான் நின்ற இடமும், வடம் நகர்ந்தபோது பாட்டி சொன்ன சொல்லும் எக்கருவிக்கும் தெரியா. அவற்றைக் கேட்க மறுபுறம் ஒரு வாசகர் காத்திருந்தால், பிள்ளை தானே எழுத முற்படும்.

நிறைவுரை

வகுப்பிதழ் எல்லா நோய்க்கும் மருந்தன்று. மாணவர் மிகுந்த வகுப்புகள், நேரக்குறைவு, தேர்வின் அழுத்தம் ஆகியவை ஆசிரியர் ஒருவரால் நீக்கக்கூடியவை அல்ல. எனினும் மாதத்தில் நான்கு பாடவேளைகளை ஒதுக்குவது இயலாத செயலன்று. இவ்விலக்கிய வட்டமும் இதில் கைகொடுக்கலாம். பத்தாண்டுகளாகப் பெரியவர்களின் படைப்புக்குக் கேட்போராக அமர்ந்த அவை, பதினோராம் ஆண்டில் பிள்ளைகளின் இதழ்களுக்கும் வாசகராகலாம். முதலில் தமிழிதழ், அடுத்து ஆங்கில இதழ் என்று தொடங்குவது நலம். தன் தமிழைப் பிறர் விரும்பிப் படித்ததைக் கண்ட பிள்ளைக்கே ஆங்கிலத்திலும் துணிவு பிறக்கும்.

இராசபாளையத்தில் ஒரு பள்ளி, திருவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி, மலைக்கு அப்பால் ஒரு பள்ளி: இம்மூன்றும் இணைந்தால் வரும் கல்வியாண்டிலேயே முதல் இதழ் அஞ்சலேறும். விடுப்பு விண்ணப்பத்தில் வாராத காய்ச்சலை எழுதும் பிள்ளை, அக்காள் திருமணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதற்கு ஒரு மறுமொழியும் பெறுமாயின், பன்னிரண்டு ஆண்டுக் கல்வி பயனுற்றது என்று மகிழலாம். அதற்கு முதல் வாசகராக இருக்க இசைவோர் இவ்வவையிலேயே பலர் உள்ளனர்.